வீட்டுத் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வர என்ன செடி நடலாம்?

சுற்றிலும் 2 சென்ட் இடம், குரோட்டன்ஸ் நிறைய, ஆனால் ஒரு பட்டாம்பூச்சிகூட வரவில்லை என்கிறீர்கள். குரோட்டன்ஸ் வெளியூர் அழகுச் செடி. நம்மூர்ப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அதைப் பெரும்பாலும் தொடாது. பூ இருந்தால் பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான் உண்டு.

முதலில் கறிவேப்பிலை. அதன் இளந்தளிரைக் கவனியுங்கள். பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள், அது பட்டாம்பூச்சியின் புழு. வளர வளரப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்கள்! முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகச் சுமார் ஒரு மாதம். குழம்புக்கு இலை குறைகிறதே என்று அம்மா முணுமுணுத்தால் இரண்டு கன்றாக வையுங்கள். எலுமிச்சை, வில்வத்திலும் இதே மாதிரிப் புழுக்கள் வரும்.

ஆடுதீண்டாப்பாளை வைத்தால் சிவப்பு உடல் கொண்ட ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். எருக்குக்கு வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி வரும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, சிறு பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

அப்புறம் உண்ணிச்செடி. பட்டாம்பூச்சி மொய்க்கிறதே என்று நட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி அது. பூச்சிமருந்தையும் நிறுத்துங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட இந்தப் புழுக்களைக் கொல்லும்.