வழுக்கும் தீட்டுக்கல்: தேய்ந்துவிட்டதா, அடைத்துக்கொண்டதா?

சிங்கப்பூர் துவாஸில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா பல ஆண்டுகளுக்கு முன் சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய பழுப்பு நிற ஆயில் கல் என்னிடம் இருக்கிறது. லேத்தில் உலோகத்தைச் சீவும் ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் பிட், கார்பைடு முனையைப் பற்றவைத்த (பிரேஸ் செய்த) டூல் இரண்டையும் அதில்தான் தீட்டுகிறேன். சிராங்கூன் ரோட்டில் நகைவேலை செய்யும் தம்பியும் தன் செதுக்குளியை அதே கல்லில்தான் தேய்ப்பான். இப்போது கல் கண்ணாடிபோல வழுக்குகிறது, நடுவில் குழியும் விழுந்திருக்கிறது. தண்ணீர், நல்லெண்ணெய் இரண்டும் போட்டுப் பார்த்தேன். தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமா? எதை வாங்குவது?"

தூக்கிப் போடாதீர்கள். பழுப்பு நிற ஆயில் கல் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அந்தத் துகள்கள் அவ்வளவு சீக்கிரம் மழுங்கிவிடாது. துகள்களுக்கு இடையில் இரும்புப் பொடியும் கெட்டியான எண்ணெயும் ஏறி அடைத்துக்கொண்டதால்தான் முக்கியமாக உளி மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. இதில் நல்லெண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டால் பிசினாகிவிடும். இத்தகைய கற்களில் பல ஆலையிலேயே எண்ணெய் ஊறவைத்து வருபவை, அதனால் தண்ணீரும் உள்ளே இறங்காது. தேவை மெல்லிய மினரல் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதும். பேபி ஆயிலும் நறுமணம் சேர்த்த மினரல் எண்ணெய்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதலில் அடைப்பை எடுங்கள். மூடியுள்ள ஒரு தட்டில் கல்லை வைத்து, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் அடுப்போ வெல்டிங்கோ கூடாது. காலையில் கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். கறுப்புச் சாறு வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஊறவைத்த டர்பன்டைனை சிங்க்கில் கொட்டாதீர்கள். பட்டறையில் கழிவு எண்ணெய் சேர்க்கும் டிரம்மில் ஊற்றுங்கள்.

அடுத்தது குழி. குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் தட்டையான முகம் உருண்டுவிடும், கோணமும் மாறிவிடும். 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிப் பலகையை அசையாமல் வைத்து, 80 கிரிட் (எண் கூடக்கூடப் பொடி நுண்மையாகும்) சிலிக்கான் கார்பைடு பொடி ஒரு தேக்கரண்டி போட்டுச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எட்டு போடுவதுபோல் தேய்த்துக்கொண்டே போங்கள். கரகரவென்ற சத்தம் அடங்கினால் பொடி நொறுங்கிவிட்டது என்று பொருள், வழித்தெடுத்துப் புதிதாகப் போடுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. ஆழமான குழிக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கல்லின் ஒரு பக்கம் நுண்மையானது என்றால் அந்தப் பக்கத்தை 220 கிரிட்டில் முடிக்க வேண்டும். அதற்கு முன் கல்லையும் கண்ணாடியையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். 80 கிரிட் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் முடிவில் விளிம்பில் கீறலாகத் தெரியும். இந்த வேலைக்கு வைரத் தகட்டை, அதாவது வைரத் துகள் பதித்த தகட்டை, எடுக்காதீர்கள். ஆயில் கல் அதன் வைரத்தைப் பிடுங்கிவிடும்.

இனி முக்கியமான விஷயம்: மூன்று உலோகத்துக்கும் ஒரே கல் போதாது. கடினத்தைப் பாருங்கள். ஆர்கன்சா எனும் இயற்கைத் தீட்டுக்கல் குவார்ட்ஸ் வகை, கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் ஏறக்குறைய 1,100. அலுமினியம் ஆக்சைடு சுமார் 2,000. ஹைஸ்பீட் ஸ்டீலில் பரவலாகப் புழங்கும் எம்2 ரகத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடு வனேடியம் இருக்கிறது. அது உண்டாக்கும் கார்பைடு மணிகளின் கடினம் 2,800ஐ ஒட்டி வரும். அந்த மணிகளைப் பழுப்புக் கல்லால் வெட்ட முடியாது. சுற்றியுள்ள எஃகைத்தான் அது அரிக்கும். மணிகள் நுண்ணியவை என்பதால் டூல் பிட்டுக்கு அது போதும், மெதுவாக வேலை நடக்கும். கார்பைடு டூலுக்குப் போதவே போதாது. அங்கே டங்ஸ்டன் கார்பைடு மணிகள்தான் உடம்பு, கோபால்ட் வெறும் பசை. கல் பளபளப்பானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பழைய கல்லை ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 25 மைக்ரான், அதாவது 600 மெஷ் வைரத் தகடு ஒன்று வாங்குங்கள். தட்டையான கெட்டித் தகடாக இருக்கட்டும், நெளியும் மெல்லிய தகடு வேண்டாம். கார்பைடு நாள்தோறும் வருமானால் 9 மைக்ரான் தகடு இன்னொன்று. வைரத் தகட்டில் அழுத்தக் கூடாது, விரல் எடையே போதும். அழுத்தினால் நிக்கல் பூச்சிலிருந்து வைரம் பெயர்ந்துவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. கார்பைடை எப்போதும் சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் தீட்ட வேண்டும். கோபால்ட் கலந்த தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

தம்பிக்குத் தனிக் கல். செதுக்குளியின் முகம் எவ்வளவு பளபளப்போ அவ்வளவு பளபளப்பாகத் தங்கத்தில் வெட்டு விழும். கெட்டி ஆர்கன்சா அல்லது நுண் செராமிக் கல் அதற்கு ஏற்றது. ஜப்பானியத் தண்ணீர்க் கல் வேண்டாம். அது மென்மையானது, ஒடுங்கிய முனை அதைக் கீறிப் பள்ளமாக்கும். அவர் உளி கார்பன் ஸ்டீல் என்றால் கிரைண்டரில் சாணை பிடிக்கும்போது சூட்டால் வைக்கோல் நிறம் தெரிந்த உடனே எடுத்துவிட வேண்டும். நீலம் ஏறினால் பதம் போய்விட்டது.

சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. டூல் பிட்டுக்கு 150 மி.மீ. கிரைண்டர் சக்கரம் முகத்தில் லேசான குழிவைத் தரும். அதைக் கல்லில் வைத்தால் விளிம்பு, அடிப்பகுதி என்று இரண்டே இடம் படும். ஆட்டாமல் அங்கேயே பத்துப் பதினைந்து தடவை தேய்த்தால் இரண்டு பளிச்சென்ற கோடு தெரியும். பிறகு மேல்முகத்தைக் கல்லில் மட்டமாக வைத்துப் பிசிரை எடுங்கள். டூலின் மூக்குக்கு, அதாவது முனைக்கு, 0.4 மி.மீ. வளைவு போதும். சின்ன லேத்தில் அதற்கு மேல் போனால் வேலைப்பொருள் அதிர்ந்து அலையலையாகக் குறி விழும். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். மழுங்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது ஐந்தாறு தேய்ப்பு கொடுங்கள். இரண்டு கோடும் சேர்ந்து குழிவு மறைந்தால்தான் மறுபடி சாணைக்குப் போக வேண்டும்.

ஹைஸ்பீட் ஸ்டீல் சூடேறினால் உடனே தண்ணீரில் முக்கும் பழக்கத்தை விடுங்கள். அது 600 டிகிரி செல்சியஸ் அருகே வரை பதம் இழக்காது. சூட்டோடு முக்கினால்தான் மயிரிழை வெடிப்பு வரும். பிடிக்க முடியாத சூடு என்றால் சற்று ஓய்வு கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கறுத்த எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, புதிய மினரல் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். தேய்க்கும்போது நடுவிலேயே நிற்காமல் ஓரங்களையும் பயன்படுத்தினால் அடுத்த குழி விழப் பல மாதம் ஆகும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தண்ணீர் தெளித்த வைரத் தகட்டை அப்படியே விட்டால் காலையில் ஓரத்தில் துரு பிடித்திருக்கும். கழுவி, துடைத்து, ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் காட்டுங்கள். தீட்டிய டூல் பிட்டின் விளிம்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.