39 வயதில் கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுதுகிறேன்

கேள்வி: 38 வயதில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் சேரப் போகிறேன். பார்த்த மாத்திரத்தில் ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று எடைபோடுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நீங்கள் பெண்ணாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ‘இந்த வயதில் இது எதற்கு’ என்று வீட்டிலேயே ஒருவராவது கேட்டிருப்பார். எனக்கும் அது நடந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 ஆண்டுகள் செக்கிங் பார்த்தேன். தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை குரூப் 4 தேர்வில் தேறினேன். கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) சேர்ந்தபோது வயது 39. கலந்தாய்வில் கிடைத்தது ஒரு டெல்டா மாவட்டம். வானம் பார்த்த பூமியில் சோளமும் கடலையும் பார்த்து வளர்ந்த எனக்கு நெல் பருவங்களில் குறுவை எது, தாளடி எது என்பதே புத்தகத்தில் படித்ததுதான்.

முதல் நாள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெரியவர் வாசலிலேயே நின்றுகொண்டு, “கணக்குப்பிள்ளை எங்கேம்மா?” என்று என்னிடமே கேட்டார். வி.ஏ.ஓ.வுக்கு முன்பு ஊர்க் கணக்கு பார்த்த கர்ணத்தைத்தான் கணக்குப்பிள்ளை என்பார்கள். அந்தப் பரம்பரைக் கர்ணம் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தார்கள். ஆனாலும் கணக்குப்பிள்ளை என்ற சொல் இன்னும் அங்கே புழங்குகிறது. அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் கண்முன் வருவது ஓர் ஆண். “நான்தான் ஐயா” என்றேன். அவர் என்னைத் தாண்டி கிராம உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தலையசைத்த பிறகுதான் பெரியவர் உள்ளே வந்தார்.

அது வலித்தது. ஆனால் அதைவிட அதிகமாக வலித்தது வேறொன்று. அதே வாரம் முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பாட்டி மனு கொடுத்தார். மனுவைப் பிரித்தால் உள்ளே நான்காக மடித்த 200 ரூபாய் நோட்டு. சுருக்குப்பையில் நாளெல்லாம் கிடந்து, வெற்றிலை வாசனையோடு நைந்துபோயிருந்தது. எழுபது வயதுக் கிழவி, மாதம் 1,200 ரூபாய் வருமா என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்கு விலை வைத்திருந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “போதாதாம்மா?” என்று கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘நீ மட்டும்தான் யோக்கியமா’ என்று யாராவது எழுதுவீர்கள். எல்லா வி.ஏ.ஓ.வும் வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரை நான் பார்த்ததுகூட இல்லை, அவரைக் குறை சொல்லவும் இல்லை. நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பாட்டி என்னை எடைபோடவில்லை. அந்த நாற்காலியில் எத்தனையோ ஆண்டுகளாக உட்கார்ந்தவர்களை எல்லாம் சேர்த்து எடைபோட்டுவிட்டுத்தான் வந்தார். உங்களைப் பார்ப்பவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. புரிந்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது.

தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டியும் பார்த்தேன், அது உதவவில்லை. எங்கள் பதிவேடுகளில் ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்று இருக்கும். ஊரார் மா கணக்கில் பேசுவார்கள். “என் நிலம் அஞ்சு மா” என்று ஒருவர் சொன்னபோது, புரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு சிட்டாவை எடுத்துத் தேடினேன். மறுநாள் கிராம உதவியாளரிடம் வெட்கப்படாமல் கேட்டேன். மூன்று மா ஓர் ஏக்கர், ஓர் ஏக்கர் ஏறக்குறைய நாற்பதரை ஏர் என்று ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஐந்து மா என்றால் அறுபத்தேழரை ஏர். அந்தக் காகிதம் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நான் அவரிடம் கற்றுக்கொள்கிறேன் என்பது ஊருக்கே தெரியும். அதனால் என் மரியாதை ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. ‘இந்த அம்மா ஆபீசில் இருப்பதே இல்லை’ என்று ஊரில் பேச்சு. உண்மைதான், நண்பகலில் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் கழிப்பறை கிடையாது. ஓர் அறை, ஒரு பீரோ, இரண்டு ஜன்னல். என் வாடகை வீடு ஊரின் மறுகோடி. மாதவிலக்கு நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன். பனியன் கம்பெனியில்கூட எங்களுக்கென்று ஒன்று இருந்தது. பெண்களுக்கு இட ஒதுக்கீடு கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள், சந்தோஷம். அந்தப் பெண் எட்டு மணி நேரம் எங்கே போவாள் என்று கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர்கள் யோசிக்க வேண்டாமா? மூன்று முறை மனு எழுதினேன். மற்றவர்களின் மனுக்களைக் கையில் வாங்கும் நானே எழுதிய மனுக்கள் அவை. இன்றுவரை பதில் இல்லை. எதிர்வீட்டு அக்கா தானாகவே, “எங்கள் வீட்டுக்கு வாம்மா” என்று சொன்ன பிறகுதான் கதவு சாத்துவது நின்றது.

ஒரு ஜனவரியில் சம்பா அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம். வேளாண் உதவி அலுவலரும் நானும் முழங்கால் சேற்றில் வயல் வயலாக நடந்தோம். வாசலில் கணக்குப்பிள்ளையைத் தேடிய அதே பெரியவரின் வயலில் பயிர் சாயாமல் நின்றது. வரப்பிலிருந்து பார்த்தால் சேதமே தெரியாது. நான் உள்ளே இறங்கி ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் உதிர்த்தேன். மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. எண்ணினேன். இன்னும் ஏழெட்டு இடங்களில் ஒடித்து எண்ணினேன். பாதிக்குமேல் முளைப்பு. பதினோரு ஆண்டு செக்கிங் பார்த்த கண் அது, மேலாகப் பார்த்துவிட்டு நகர அதற்குத் தெரியாது. அவர் வரப்பிலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இப்போது அலுவலகத்துக்கு வந்தால் நேராக என்னிடம்தான் வருகிறார். ஆனால் அவர் மைத்துனர் இன்னமும் கிராம உதவியாளரைத்தான் தேடுகிறார்.

அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை வந்துவிட்டது. போன வாரம் தன் மருமகளின் சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்தார். விண்ணப்ப நகலைப் பிரித்தேன். உள்ளே நான்காக மடித்த நோட்டு இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, உட்காருங்கள் பாட்டி என்று சொல்லி விவரம் கேட்டேன்.