சுங்குடிக் கடை லோகோ: நிறம் இல்லை, எழுத்துதான்

நண்பரே, அப்பாவின் சுங்குடிச் சேலைக் கடைக்கு மூன்று லோகோ போட்டும் எதுவும் ஒட்டவில்லை, நிறத்தை மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை விடுங்கள், கோளாறு எழுத்துருவில். முதல் மாதிரியில் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கியிருக்கிறீர்கள், அதனால்தான் 'டி'யில் நிற்கும் கோடு தடித்து, படுக்கும் கோடு மெலிந்து கிடக்கிறது. எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் தடித்த வகையை எடுங்கள், இழுக்காதீர்கள்.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் ஹிந்த் மதுரை, முக்தா மலர், பாலூ தம்பி 2 என்ற மூன்று எழுத்துருக்களும் இலவசம், கடைக்கும் பயன்படுத்தலாம். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே எழுத்துருவில் இருப்பதால் கீழே போடும் ஆங்கிலப் பெயர் தனியாகத் துருத்தாது. பாலூ தம்பி கொழுகொழுவென்று இருக்கும், ஜிகர்தண்டா கடைக்குச் சரி, சேலைக்கு வேண்டாம். நான் ஹிந்த் மதுரையில் செமிபோல்டை, அதாவது பாதி தடித்த வகையைத்தான் சொல்வேன்.

அப்புறம் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி. சித்தப்பா கடைக்கு 500 துணிப்பை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டோம், மை பரவி 'பட்டு' என்பது 'படடு' என்று வந்து நின்றது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முடிச்சுப் போட்டுப் புள்ளி எடுக்கிற சேலையை விற்கிற கடை, பெயரில் புள்ளி தொலையவே கூடாது. அதனால் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று மேலே தூக்கி வையுங்கள்.

2 செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பாருங்கள். 'ங்' புள்ளியும் 'கு'வின் சுழியும் தெளிவாகத் தெரிந்தால் பிரஸ்ஸுக்கு அனுப்பலாம், ஆனால் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள், இல்லையென்றால் அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் வேறு எதிலாவது மாறிவிடும்.