துறை என்றால் எந்தத் துறை?

கேள்வி: கடலில் மூழ்கிய ஹெலிகே என்ற கிரேக்க நகரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்களே, ஊர்ப்பெயர் வெட்டிய கல்லா கிடைத்தது? நாலு சுவரைப் பார்த்ததும் ஒரு பெயரை ஒட்டிவிடுகிற வேலைதானே இது?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. கல்வெட்டு ஒன்று கிடைத்தால் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். கல் ஊர்விட்டு ஊர் போகும். பழைய கட்டடத்துக் கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் சுவர் எழுப்புவது கிரேக்கத்தில் காலங்காலமாக நடந்தது. காசு அதைவிடத் தூரம் போகும்.

கி.மு. 373, ஒரு குளிர்கால இரவு. நிலம் நடுங்கியது, பின்னாலேயே கடல் ஏறி வந்தது. தென் கிரேக்கத்தின் அக்காயா நாட்டில் இருந்த 12 ஊர்களுக்குத் தலைமையாக இருந்த ஹெலிகே விடிவதற்குள் இல்லாமல் போனது. மீட்புக்கு அனுப்பிய 2000 பேராலும் பிணங்களை எடுக்க முடியவில்லை என்று பழங்காலப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து ஊரான ஏகியோனிலிருந்து 40 ஸ்டேடியா (பழைய கிரேக்கத் தூர அளவு), அதாவது ஏறக்குறைய 7 கிலோமீட்டர் என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் தூரமும் சொல்கிறார். ஆகவே எந்த வட்டாரம் என்பதில் சண்டையே இல்லை. எந்தத் தண்ணீருக்கடியில் என்பதுதான் சிக்கல். பக்கத்தில் இருக்கும் கொரிந்து வளைகுடாவின் அடியில்தான் என்று பலரும் நம்பினார்கள். ஆய்வாளர்கள் டோரா கட்சோனோபூலூவும் ஸ்டீவன் சோட்டரும் 1988-இல் அங்கேதான் ஒலியலையால் கடலடியைத் தேடும் சோனார் வைத்துத் தேடினார்கள். நகரம் அகப்படவில்லை.

சரி, அப்புறம் என்ன செய்தார்கள்? பழைய வரி ஒன்றைத் திரும்பப் படித்தார்கள். அழிவுக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தெனிஸ் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார். 'போரோஸில்' கடல் தெய்வமான போஸிடன் வெண்கலச் சிலையாக நிற்கிறார், கையில் கடற்குதிரை வைத்திருக்கிறார், வலை போடுகிறவர்களுக்கு அவரால் ஆபத்து என்று படகோட்டிகள் எரட்டோஸ்தெனிஸிடம் சொன்னார்களாம். போரோஸ் என்றால் நீரைக் கடக்கும் வழி. நம் 'துறை' மாதிரி. ஆற்றிலும் துறை உண்டு, கழியிலும் உண்டு, கடலிலும் உண்டு. படித்தவர்கள் அதை வளைகுடா என்றே எடுத்துக்கொண்டார்கள். கரைக்கு உள்ளே இருந்த உப்பங்கழியாக இருந்தால் என்ன என்று கேட்டவர் கட்சோனோபூலூ. எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆழ்கடலின் அடியில் கிடக்கிற சிலையில் யார் வலை சிக்கும்? நகரம் கடலிலிருந்து 12 ஸ்டேடியா, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், தள்ளி இருந்தது என்பதும் ஸ்ட்ராபோவிலேயே இருக்கிறது.

கழி என்றால் ஆற்றுவண்டல் அதைத் தூர்த்து இன்று தரையாக்கியிருக்க வேண்டும். 1991 முதல் செலினூஸ், கெரினைட்டிஸ் ஆறுகள் பாயும் சமவெளியில் துளை போட்டார்கள். மேலே வந்த மண்ணில் பானை ஓட்டுச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. 2001-இல் ரிசோமிலோஸ் கிராமத்தருகே தோண்டியபோது, சுமார் 3 மீட்டர் ஆழத்தில் அந்தக் காலத்துச் சுவர்கள். அவற்றை மூடியிருந்தது கழியில் படிகிற களிமண். கழிநீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் அதற்குள் இருந்தன.

தூரம், காலம், அழிவு, தண்ணீரின் வகை எல்லாம் ஒரே குழியில் வந்து சேர்ந்தன. இதைத்தான் பெயரை ஒட்டிய வேலை என்கிறீர்கள்.