வீட்டிலேயே இருந்துவிடலாமா?

கே: நேற்று வரை திட்டியவருடன் இன்று கூட்டணி. கொள்கை இல்லாதவர்களுக்கு எதற்கு ஓட்டு? இந்த முறை நான் போகப் போவதில்லை. (வாசகி, மணப்பாறை)

ப: அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அம்மா. 1963-ல் கட்சிப் பணிக்காகக் காமராஜர் முதல்வர் பதவியை விட்டு இறங்கிய செய்தியை எங்கள் தெருவில் சத்தமாக வாசிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் நீங்கள் வீட்டில் இருந்தால் கூட்டணிக்காரர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 2016-ல் ராதாபுரம் தொகுதி 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஒரு தெருவில் இருக்கிற ஓட்டு அது!

யாரையும் பிடிக்கவில்லையா? சரி, 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்கிற நோட்டா இருக்கிறது. 2013-க்கு முன்பு, யாருக்கும் ஓட்டில்லை என்றால் தேர்தல் விதி 49-ஓ என்று அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும்; பூத் ஏஜென்டுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். இப்போது ரகசியம். ஆனால் நம் சட்டசபைத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து நிற்கிற வேட்பாளர் ஜெயித்துவிடுவார். அதனால் எனக்கு அது கடைசி வழி.

முதலில் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். தலைவர்களின் மேடைப் பேச்சைவிட உங்கள் தொகுதி ஆளைப் பற்றி அது அதிகம் சொல்லும்.

கே: கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார்கள். மீறினால் பாவமா? (வாசகர், கமுதி)

ப: இல்லவே இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். மனசுக்குச் சரியென்று படுகிறவருக்குப் போடுங்கள்.