பாடத்திட்டம் அடங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்குக் கணக்குப் போடும் ஆக்சுவரி படிப்பைப் பற்றிக் கடிதம் வந்தால் ஆசிரியர் குழு அதை என் பக்கம் தள்ளிவிடுகிறது. பழைய பாடத்திட்டத்தில் பாதித் தேர்வுகளையும் புதியதில் மீதியையும் எழுதியவள் நான். கிருஷ்ணகிரியில் வீடு, பெங்களூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலிருந்துதான்.

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சீனியர் அக்கா ஒருவர் தன்னுடைய ஆக்சுவரி புத்தகங்களைக் கொடுத்தார். அவற்றில் சி.டி.1, சி.டி.5 என்று இருக்கிறது. தேர்வு நடத்தும் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட பாடத்திட்டத்தில் அந்தப் பெயர்களே இல்லை. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் எதை நம்பிப் படிப்பது? எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடங்கலாமா?
— மாணவர், தருமபுரி

வேண்டாம் தம்பி. இந்தத் தேர்வு எந்தக் காலத்தில் ஒரு நிலையில் இருந்தது, இனிமேல் இருப்பதற்கு? ஆக்சுவரியல் சொசைட்டி ஆஃப் இந்தியா 1944இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது சொந்தமாகத் தேர்வு நடத்தத் தொடங்கியது 1989இல்தான். அதுவரை நம்மவர்கள் லண்டன் தேர்வை எழுதித்தான் ஆக்சுவரி ஆனார்கள். 2006இல் ஆக்சுவரிகள் சட்டம் வந்தது. சொசைட்டியின் இடத்தில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா வந்தது. 2012இல் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். 2019இல் பாடத்திட்டத்தையே புரட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் "அடங்கட்டும்" என்று ஒரு கூட்டம் காத்திருந்தது. அவர்களில் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

உங்கள் அக்காவின் புத்தகங்கள் 2019க்கு முந்தையவை. அப்போது சி.டி. வரிசையில் ஒன்பது தாள்கள். அவற்றுக்கு மேல் ஆறு. மொத்தம் பதினைந்து. 2019 பாடத்திட்டத்தில் அடிப்படைத் தாள்கள் ஏழு, செயல்முறைத் தாள்கள் மூன்று, சிறப்புப் பாடங்கள் இரண்டு, உயர்நிலைச் சிறப்புப் பாடம் ஒன்று. ஆகப் பதின்மூன்று. எண்ணிக்கை குறைந்தது என்று மகிழ வேண்டாம். வட்டிக் கணக்கைப் பேசிய சி.டி.1உம், ஆயுள் காப்பீட்டுக் கணக்கைப் பேசிய சி.டி.5உம் சேர்ந்து சி.எம்.1 என்ற ஒரே தாளாகிவிட்டன. பாரம் அதேதான், மூட்டைதான் ஒன்று.

அதனால் அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கூட்டு வட்டி 2019இல் மாறவில்லை. ஆண்டுத்தொகையின் இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் லண்டன் தேர்வுக் காலத்தில் எப்படியோ அப்படியேதான் இருக்கிறது. மாறுவது அதில் போடும் எண்கள். ஆயுள் காப்பீட்டுக் கணக்குக்கு அடிப்படையான இந்திய இறப்பு விகித அட்டவணையே 2006-08இலிருந்து 2012-14க்கு வந்துவிட்டது. ஆள் இத்தனை வயதில் இறக்க எவ்வளவு வாய்ப்பு என்பது மாறலாம். அந்த வாய்ப்பை வைத்துப் பிரீமியம் போடும் வழி மாறாது.

உண்மையில் புதிதாக வந்தது கணினி. புள்ளியியலைப் பேசும் சி.எஸ்., காப்பீட்டுக் கணக்கைப் பேசும் சி.எம். என்று இரண்டிரண்டாக உள்ள நான்கு தாள்களுக்கும் இரண்டிரண்டு பகுதிகள் வைத்தார்கள். ஒன்று எழுத்து, மற்றது கணினியில் செய்வது: சி.எஸ்.சுக்கு ஆர் என்ற கணினி மொழி, சி.எம்.முக்கு எக்செல். சி.எஸ்.2இல் மெஷின் லேர்னிங்கும் நுழைந்துவிட்டது. இதில் ஒரு பக்கம்கூட உங்கள் அக்காவின் புத்தகங்களில் இருக்காது. புள்ளியியல் மாணவரான உங்களுக்கு இது அனுகூலம். ஆர் மொழிக்குக் காசு கிடையாது. கல்லூரி ஆய்வகத்துக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். கருத்தைப் பழைய புத்தகத்தில் படியுங்கள். எழுதப்போகும் பருவத்துக்கு இன்ஸ்டிட்யூட் வெளியிடும் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக அடித்துக்கொண்டே வாருங்கள். பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கையை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. தேர்ச்சி பெற்ற தாளை மாற்றம் வந்து அப்படியே விழுங்கிவிடாது. 2019இல் பழைய தாள்களுக்கு ஈடாகப் புதிய தாள்களில் விலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஒரே தாளாக இணைக்கப்பட்ட பழைய தாள்களில் ஒன்றை மட்டும் முடித்து மற்றதை விட்டு வைத்திருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். தொடர்புள்ள இரண்டு தாள்களை அடுத்தடுத்து எழுதி முடித்துவிடுவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

கேள்வி: ராயக்கோட்டையில் தக்காளி போடும் விவசாயி நான். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண். ஆக்சுவரி ஆகப்போகிறேன் என்கிறான். இது என்ன வேலை என்றே எனக்குப் புரியவில்லை. இரண்டு லட்சம் கட்டினால் ஏசெட் தேர்ச்சியும் வேலையும் உறுதி என்கிறார் ஒருவர்.
— ஒரு தந்தை

அய்யா, நீங்கள் பயிர்க் காப்பீடு செய்திருப்பீர்கள். 2016இல் வந்த பிரதம மந்திரி திட்டத்தில் காரீஃப் பருவத்தில் கேழ்வரகு, நெல் போன்றவற்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது அதிகபட்சம் 2 சதவீதம், ராபி என்றால் 1.5, தோட்டப் பயிருக்கு 5. உண்மையான பிரீமியம் அதைவிட அதிகமாக இருந்தால் மீதியை மத்திய அரசும் மாநில அரசும் ஏற்கின்றன. அந்த உண்மையான பிரீமியம் எவ்வளவு என்று, பல வருட மகசூலையும் மழையையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்வதுதான் உங்கள் மகன் ஆசைப்படும் வேலை. ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இதே ஆள் வேண்டும். நாட்டில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஓர் ஆக்சுவரியை நியமித்தே ஆக வேண்டும் என்பது விதி.

இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஏசெட் மூன்று மணி நேரத் தேர்வு: கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம். நன்றாகப் படிக்கும் பையன் பள்ளிப் புத்தகத்தையும் இன்ஸ்டிட்யூட் தரும் பாடக்குறிப்பையும் வைத்துக்கொண்டே தயாராகலாம். அதில் தேறினால் கிடைப்பது மாணவர் உறுப்பினராகச் சேரும் தகுதி, அவ்வளவுதான். வேலை இல்லை. வேலை உறுதி என்று சொல்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். பையன் ஏதாவது ஒரு பட்டப்படிப்பிலும் சேரட்டும். எல்லாத் தாள்களையும் முடிக்கப் பத்து ஆண்டுகள் எடுப்பவர்களும் உண்டு. வேலையில் இருந்துகொண்டேதான் பெரும்பாலோர் முடிக்கிறார்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் தடையாகுமா?
— வாசகி, அரூர்

ஏசெட்டில் ஆகாது, அதில் ஆங்கிலத்தின் பங்கு குறைவு. உங்களைச் சோதிக்கப்போவது செயல்முறைத் தாள்களில் மூன்றாவது. கணக்குத் தெரியாத ஒருவருக்கு ஒரு காப்பீட்டுச் சிக்கலை எளிய ஆங்கிலத்தில் எழுதி விளக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்களே அதில் சறுக்குகிறார்கள், வளவளவென்று எழுதி. சிறு வாக்கியமாக எழுதப் பழகுங்கள். அந்தத் தாளுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். அமெரிக்க சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ் தேர்வில் பி (நிகழ்தகவு), எஃப்.எம். (நிதிக் கணிதம்), ஸ்டாம் (குறுகிய காலக் காப்பீட்டுக் கணிதம்) மூன்றையும் முடித்தேன். குழந்தை பிறந்ததால் இடைவெளி. திரும்பிப் பார்த்தால் ஸ்டாமே இல்லை. எல்லாம் வீணா?
— வாசகி, ஓசூர்

வீணில்லை. 2022இல் அவர்கள் நீண்ட காலக் காப்பீட்டைப் பேசிய லேட்டாம், ஸ்டாம் இரண்டையும் எடுத்துவிட்டு, ஃபேம் என்ற பொதுத் தாளையும் அதற்கு மேல் நீண்ட காலத்துக்கு ஆல்டாம் அல்லது குறுகிய காலத்துக்கு ஆஸ்டாம் என்று விருப்பத் தாளையும் வைத்தார்கள். ஸ்டாம் முடித்தவர்களுக்கு ஃபேமின் குறுகிய காலக் காப்பீட்டுப் பாதியும் ஆஸ்டாமும் முடிந்ததாகக் கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்குப்படி ஃபேமில் உங்களுக்குப் பாக்கி இருந்தது ஆயுள் காப்பீட்டுப் பாதி. ஐ.எஃப்.எம். என்ற முதலீட்டுத் தாளையும் அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். அதை எழுதவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் ஏட்பா என்ற புதிய தரவுப் பகுப்பாய்வுத் தேர்வு சேர்ந்திருக்கிறது. மாற்றக் காலச் சலுகைகளுக்குக் கெடு உண்டு. ஆகவே உங்கள் கணக்கில் இன்று எது எது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று சொசைட்டிக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தேர்வுக்கு மாறலாமே என்று அலுவலகத் தோழிகள் சொல்வார்கள். உங்கள் நிறுவனம் அமெரிக்கக் காப்பீட்டு வேலை செய்கிறது என்றால் இருக்கும் பாதையிலேயே போங்கள்.

கேள்வி: கல்லூரியில் ஓர் அரியர் இருக்கிறது. ஏசெட் எழுதலாமா?
— மாணவர், பர்கூர்

எழுதலாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எந்தப் பாடத்தில் அரியர் என்று எழுதவில்லையே. கணிதம் என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.