புகை நிற டிகேன்டரும் ஆறு கிளாஸும்: யார் செய்தது?

உங்களிடம் உள்ள புகை நிற டிகேன்டரையும் (மது ஊற்றி வைக்கும், மூடியுள்ள கண்ணாடிக் குடுவை) ஆறு கிளாஸையும் யார் செய்தது என்று கேட்டிருந்தீர்கள். டிகேன்டரின் அடியில் "ஒரெஃபோர்ஸ் என்.யூ." என்று கீறியிருப்பதாகவும் சொன்னீர்கள். ஒரெஃபோர்ஸ் என்பது ஸ்வீடனின் கண்ணாடி ஆலை. பாதி வேலை முடிந்தது! அந்த 'என்' அங்கே வேலை செய்த வடிவமைப்பாளர் நில்ஸ் லாண்ட்பெர்க்கைக் குறிக்கும். 1957 மிலான் கண்காட்சியில் துலிப் கிளாஸுக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். 'யூ' என்பது உலையருகே ஊதிச் செய்த வேலை. 'பி.யூ.' என்றிருந்தால் அதே ஆலையின் இன்னொரு வடிவமைப்பாளர் ஸ்வென் பால்ம்க்விஸ்ட்.

அப்புறம் மூடி. அது பின்னால் மாற்றியதாக இருக்கலாம். மூடியிலும் கழுத்திலும் சின்ன எண் கீறியிருந்தால் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

கிளாஸ்களில் குறியே இல்லை என்பதால் கவலை வேண்டாம். பல கிளாஸ்களுக்கு வெறும் ஸ்டிக்கர்தான்; கழுவக் கழுவப் போய்விடும். ஆனால் நிறம் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரே செட் என்று விற்காதீர்கள். ஒரெஃபோர்ஸ் இருக்கும் ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் பகுதியில் புகை நிறக் கண்ணாடி செய்தது ஒரே ஆலை இல்லை.